நூல் பிடித்து மாட்டிய ஐந்து ஸ்பீக்கர்கள்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் சுவரில் பென்சிலால் குறித்த அளவுகள்தான். பெரிய ‘ற’ எங்கே வரும், சின்ன ‘ர’ எங்கே வரும் என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழைகளைத் திருத்தித் தருவதாக என் மகள் சொல்லியிருக்கிறாள். எழுத்தைத் திருத்து, சொன்னதை மாற்றிவிடாதே என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் டைல்ஸ் போடுகிற வேலைக்காரன். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் வீடு. என் மனைவி சிதம்பரத்துக்காரி. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

வெளியில் நான் அதிகம் பேச மாட்டேன். வேலை செய்கிற வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தெருக்குழாய் வரைக்கும் வெயிலில் நடந்துபோய் வருவேன். என் மனைவியிடம் மட்டும் பேசுவேன். சாயங்காலம் வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால், இன்றைக்கு எந்த வீட்டில் என்ன நிறக் கல் போட்டோம், வீட்டுக்காரருக்கும் அவர் மனைவிக்கும் குளியலறைக் கல்லுக்காக எப்படிச் சண்டை வந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். அவளும் கேட்டுச் சிரிப்பாள். குறுக்குக் கேள்வி கேட்பாள். ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் வேலை செய்தவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் சில வருடங்களாக அது குறைந்துகொண்டே வந்தது. நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், தலை நிமிராது. சில சமயம் நான் சொல்லி முடித்த பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘ஆமாமா’ என்பாள். சினிமா என்றால் உயிரை விடுகிறவள், தியேட்டருக்குக் கூப்பிட்டால், “தலவலிக்குதுங்க, நீங்க வேணா போய்ட்டு வாங்க” என்று சொல்ல ஆரம்பித்தாள். அவள் இல்லாமல் நான் எந்தத் தியேட்டருக்குப் போவேன்?

இத்தனை வருடம் ஒரே ஆள் குரலைக் கேட்டுக் கேட்டு அவளுக்குச் சலித்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். அதை எப்படிக் கேட்பது? கேட்டு, அவளும் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டால்? கேட்காமலே இருந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரிய வீட்டில் வேலை வந்தது. மாடியில் படம் பார்ப்பதற்கென்றே ஓர் அறை. தரை வேலை முடித்து நான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் வந்து சோதனைக்கு ஒரு படம் போட்டார்கள். அதில் மழை பெய்தது. எனக்குப் பின்னால், தலைக்கு மேல், சுவருக்கு வெளியே என்று சுற்றிச் சுற்றிப் பெய்தது. கீழே திறந்தபடி கிடந்த சிமெண்ட் மூட்டைகள் ஞாபகம் வந்து, படிக்கட்டில் இறங்கி ஓடினேன். வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மேலே வந்தால் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெட்கம் போன பிறகும் அந்த மழை காதை விட்டுப் போகவில்லை. இப்படி ஒன்று நம் வீட்டில் இருந்தால் அவள் படம் பார்க்க உட்காருவாள், இரண்டரை மணி நேரம் என் பக்கத்தில் இருப்பாள் என்று நினைத்தேன். எனக்கு அது போதும்.

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் மேலவீதிப் பக்கம் ஒரு டிவி கடையில் வேலை செய்கிறான். அவனுக்குப் போன் போட்டேன்.

“மாமா, நீங்களா? நீங்களாவே போன் பண்றீங்கன்னா யாருக்கு என்னா ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆவல மச்சான். வீட்டுல ஒரு ஹோம் தியேட்டர் வைக்கலாம்னு பாக்கறேன்.”

“கூப்புட்டாக்கூட பத்தடி தள்ளி இருக்குறவனுக்குக் கேக்காது உங்க கொரலு. உங்களுக்கு அஞ்சு ஸ்பீக்கரா மாமா!” என்று சிரித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறினோம். அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். புதுச்சத்திரம் தாண்டும்போது, “இங்கதான ஒரு தடவ பஸ்ஸு நின்னுபோயி, நாம எறங்கி முந்திரிப்பழம் வாங்கித் தின்னோம்? உன் பொடவையெல்லாம் கறையாச்சே” என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அப்புறம் சிதம்பரம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

கடையில் மூன்று செட்டை எடுத்து வைத்திருந்தான். முதல் செட்டில் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டான். ஷட்டர் எல்லாம் அதிர்ந்தது.

“பாருங்க மாமா, நெஞ்சுல குத்துதா?”

“குத்துது. ஆனா அவங்க பேசறது ஒண்ணும் வெளங்கலியே மச்சான்.”

“பேச்சு கேக்கறதுக்கா மாமா ஜனங்க இத வாங்கறாங்க? பேச்செல்லாம் டிவிக்கு அடியில இருக்குற இந்த நடுப் பொட்டியில வரும். அத ஒருத்தரும் கண்டுக்கறதில்ல. பேஸு எப்டி அதிருது, அத மட்டுந்தான் கேப்பாங்க. நீ சொல்லுக்கா, எப்டி இருக்கு?”

“நல்லாருக்குடா” என்றாள்.

இரண்டாவது செட்டுக்கும் “நல்லாருக்குடா.” மூன்றாவதுக்கும் அதே.

“அக்காவுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். உங்களையே மாப்புள்ள நல்லாருக்காருன்னு சொன்ன ஆளுதான மாமா அது” என்றான். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி கழித்துச் சிரித்தாள். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தச் செட்டில் மழை நன்றாகப் பெய்கிறது என்பதில்தான் என் கவனம் இருந்தது. மூன்றாவது செட்டில் நன்றாகப் பெய்தது. அதையே எடுத்துக்கொண்டோம்.

மாட்டிக்கொடுக்க மைத்துனன் வருவதாகச் சொன்னான். அவன் வரும்வரை எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் நானே இறங்கினேன்.

எங்கள் ஹாலுக்கு நான் போட்ட கல் இரண்டடிக்கு இரண்டடி. அகலத்துக்கு ஆறு கல், நீளத்துக்கு எட்டுக் கல். மூன்றாவது கல்லுக்கும் நான்காவது கல்லுக்கும் நடுவில் ஓடுகிற இணைப்புக்கோடுதான் ஹாலின் நட்டநடு. அந்தக் கோட்டின் மேல் நூல் பிடித்து, டிவியின் நடுவும் சோபாவின் நடுவும் அதில் வரும்படி நகர்த்தினேன். நூலுக்கு இந்தப் பக்கம் இரண்டு கல் தள்ளி ஒரு ஸ்பீக்கர், அந்தப் பக்கம் இரண்டு கல் தள்ளி ஒரு ஸ்பீக்கர். சோபாவுக்குப் பின்னால் அதே கணக்கில் இன்னும் இரண்டு. பேச்சு வருகிற நடுப் பெட்டி நூலின் மேலேயே, டிவிக்குக் கீழே. ஒவ்வொன்றுக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் ஆணி அடித்தேன். ஒயரை எல்லாம் சுவரோரக் கல்லை ஒட்டி மறைத்துக் கொண்டுபோனேன்.

காபி கொண்டுவந்தவள் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஸ்பீக்கரு மாட்டச் சொன்னா, செவுத்துக்கும் டைல்ஸ் போடறாப்ல போடறீங்களே” என்றாள். அன்றைக்கு அவளாகவே பேசிய பேச்சு அது. எனக்கு அதிலேயே பாதிச் சந்தோஷம்.

ஒயரை மாட்டுவதற்கு மைத்துனன் போனில் வழி சொன்னான். “சிவப்புல சிவப்பு, கருப்புல கருப்பு. மாத்தி மாட்டிட்டீங்கன்னா ஒரு சத்தம் இன்னொரு சத்தத்தத் தின்னுடும் மாமா.” எல்லாம் முடிந்ததும் கடைசியாக, “ரிமோட்ல டெஸ்ட்டுன்னு ஒரு பட்டன் இருக்கும். அத அமுக்குனா ஒவ்வொரு ஸ்பீக்கரா ‘உஸ்’ஸுன்னு சத்தம் சுத்தி வரும். அக்காவ சோபாவுல நடுவுல உக்காரவச்சி, எதுலேர்ந்து வருதுன்னு கை காட்டச் சொல்லுங்க. கரெக்டா காட்டுச்சுன்னா நீங்க மாட்டுனது கரெக்ட்டு” என்று சொல்லிப் போனை வைத்தான்.

அவளை உட்கார வைத்தேன். டிவிக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்தபடி நின்றுகொண்டு பட்டனை அமுக்கினேன். முன்னால் இடப்பக்கம் ‘உஸ்’ என்றது. அவள் அதைக் காட்டினாள். பிறகு நடுப் பெட்டி. காட்டினாள். முன் வலது, பின் வலது, பின் இடது. எல்லாவற்றையும் சரியாகக் காட்டினாள். பின்னால் இருப்பதைக் காட்டும்போது பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆசைக்கு இன்னொரு தடவை போட்டேன். இந்த முறை பாதியில் என் காலடியில் ஓர் ஒயர் சுருண்டிருப்பது தெரிந்து, குனிந்து அதை ஒதுக்கினேன். நிமிர்ந்தபோது சத்தம் பின் வலதில் வந்துகொண்டிருந்தது. அவள் கை பாதி தூக்கினபடி அந்தரத்தில் நின்றது. அவள் ஸ்பீக்கரைத் தேடவில்லை, என் கண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எதற்காகச் செய்தேன் என்று தெரியாது, சத்தமே வராத முன் இடது ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கை அந்த ஸ்பீக்கரைக் காட்டியது.

சத்தத்தை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“கண்டுபுடிச்சிட்டீங்களா?” என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

“சோத்தாங்கைப் பக்கத்துக் காது சுத்தமா கேக்கலைங்க. ஒரு காது மட்டும் இருந்தா சத்தம் எங்கேர்ந்து வருதுன்னே தெரியாது. எல்லாம் ஒரே எடத்துலேர்ந்து வர்றாப்ல இருக்கும். தியேட்டர்ல அதான் ஒரே எரைச்சலாயிடுது.”

“எத்தினி நாளா?”

“மூணு வருசம் ஆவப்போவுது. ஒரு நாள் காலையில தம்பிகிட்ட போன் பேசிக்கிட்டிருந்தேன். பாதியில சத்தம் நின்னுபோச்சு. போனுதான் ரிப்பேருன்னு நெனச்சேன். இந்தக் காதுல வச்சேன், கேட்டுது. தானா சரியாயிடும்னு வுட்டுட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் சோபாவில் இருந்து இறங்கி வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“நீங்க ஒரு வாட்டி சொன்னத யாராச்சும் ‘என்னா’ன்னு கேட்டா மறுவாட்டி சொல்ல மாட்டீங்க. ‘ஒண்ணுமில்ல’ன்னு எழுந்து பூடுவீங்க. கல்யாணமான புதுசுலேர்ந்து பாக்கறேன். எங்க அப்பாகிட்டகூட அப்டித்தான் பண்ணீங்க. எனக்குக் கேக்கலன்னு தெரிஞ்சா, எங்கிட்ட பேசறதையும் நிறுத்திடுவீங்கன்னு பயமா இருந்துது. அதான் உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து ஓட்டிக்கிட்டிருந்தேன். நீங்க சிரிச்சா சிரிப்பேன். நீங்க நிறுத்துனா ஆமாம்பேன்.”

அவள் சொன்னது பொய் இல்லை. நான் அப்படித்தான். சொன்னதை யாராவது திருப்பிக் கேட்டால், சொன்னதே தப்பு என்று எனக்குத் தோன்றிவிடும்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்ததும் அவளை எழுப்பி என் இடப்பக்கம் உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் எங்கே போனாலும் அவள் என் இடப்பக்கம்தான். பஸ், கோயில், பந்தி, இந்தச் சோபா எல்லாவற்றிலும் அப்படித்தான். அப்படியென்றால் நான் எப்போதும் அவள் வலப்பக்கம். மூன்று வருடமாகக் கேட்காத காதிலேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். புதுச்சத்திரத்தில் நான் சொன்ன முந்திரிப்பழம் அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை.

“எம்மேல சலிச்சுபோச்சு உனக்குன்னு நெனச்சேன்” என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அவள் எதிரில் உட்கார்ந்திருந்ததால் கேட்டுவிட்டது.

தலையில் அடித்துக்கொண்டாள். “சலிச்சுபோயிருந்தா மூணு வருசமா ஒரு மனுசன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பாங்களா?”

மறுநாளே சிதம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, நரம்பு போய்விட்டது, இனிமேல் அந்தக் காது திரும்பாது, இன்னொரு காது நன்றாக இருக்கிறது, அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கேட்காமல் போன அந்த வாரத்திலேயே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது இன்னும் அடங்கவில்லை. நான் இன்னொரு விதமான ஆளாக இருந்திருந்தால் அவள் அந்த வாரத்திலேயே சொல்லியிருப்பாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் வழக்கம்போல இடது வரிசையில் ஜன்னலோரம் உட்காரப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து வலது வரிசைக்குக் கூட்டிப்போனேன். அங்கே அவளுக்கு ஜன்னலும் கிடைத்தது, எனக்கு அவள் இடக்காதும் கிடைத்தது. புதுச்சத்திரம் வந்தபோது முந்திரிப்பழத்தைச் சொன்னேன்.

“கறையா? அந்தப் பொடவைய நீங்கதான் சோப்புப் போட்டுத் தேச்சி, இருந்த சாயத்தையும் போக்குனீங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நடுப் பெட்டியைக் கழற்றினேன். சோபாவின் இடது ஓரத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் முன்தள்ளி ஒரு ஸ்டூல் போட்டு, பெட்டி அவள் காதைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தேன். பின்னால் இருந்த இரண்டையும் கழற்றப் போனேன். அவள் விடவில்லை. “அது இருக்கட்டும். மழ பேயறப்ப நீங்க கேக்கணுமில்ல” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

“என்னா மாமா இது? நடு ஸ்பீக்கரு ஓரத்துல நிக்குது? நூல் புடிச்சி மாட்டுனேன்னு போன்ல பெரும அடிச்சிக்கிட்டீங்களே!”

“உங்க அக்காவுக்கு அந்தப் பக்கத்துக் காதுதான் கேக்குது மச்சான்.”

அவனுக்கும் தெரியாது. முகம் மாறிவிட்டது. “எங்கிட்டகூட சொல்லலியேக்கா நீ.”

“உங்கிட்ட சொன்னா சிதம்பரம் நாலு வீதிக்கும் தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு ரிமோட்டைக் கையில் எடுத்தான். கொஞ்ச நேரம் ஏதேதோ அமுக்கினான். பேச்சு வருகிற பெட்டிக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டி, பேஸைக் குறைத்து, ஒரு படத்தைப் போட்டு, “இப்ப கேளுக்கா, வார்த்த வெளங்குதா? நல்லாருக்குன்னு சொல்லாத. வெளங்குதா, அத மட்டும் சொல்லு” என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “கொஞ்சம் கூட்டு” என்றாள். “போதும்” என்றாள். அன்றைக்கு அவன் அவளுக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்தான். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, “இதுமாதிரி கோணையா ஒரு செட்ட நான் சர்வீசுல பாத்ததில்ல மாமா” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

கோணல்தான். ரசமட்டம் பிடித்த கண்ணுக்கு அது தினமும் உறுத்துகிறது. உள்ளே வரும்போதெல்லாம் ஸ்டூலைத் தள்ளி நேராக்கச் சொல்லிக் கை பரபரக்கிறது. தொடுவதில்லை.

அவன் போன பிறகு, மத்தியானம், ஒரு பழைய குடும்பப் படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் எப்போதும் உட்காருகிற நடு இடத்துக்குப் போனாள். நான் சுற்றிக்கொண்டு போய் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். மனைவிக்கு இடப்பக்கம் உட்காருவது ஏதோ அடுத்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பத்து நிமிடம் போயிருக்கும். படத்தில் ஒரு பெரியவர் ஏதோ முணுமுணுத்தார்.

“என்னா சொன்னாரு?” என்று அவள் கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

படத்தை நிறுத்தினேன். “பொண்ண அனுப்ப மாட்டேன்னாரு” என்றேன்.

“என்னா?”

எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாம் போல இருந்தது. எழக் காலைக்கூட ஊன்றிவிட்டேன். பிறகு திரும்பி அவள் காதுக்கு நேராக, “பொண்ண அனுப்ப மாட்டேங்கறாரு!” என்று சொன்னேன். என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் வந்து எனக்கே பழக்கமில்லை. பக்கத்து வீட்டு அம்மா காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, “என்னங்க, ஏதாச்சும் பிரச்சினையா?” என்றார்கள். என் மனைவி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. நான் தலையில் தட்டினேன்.

படம் மறுபடி ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடி நிறுத்திச் சொன்னேன். இரண்டரை மணி நேரப் படம் முடிய அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது.

எழுதி முடித்தது தை மாதம் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.